கட்டிலுக்குச் சட்டப்பிரிவு கிடையாது

மனு எழுதுவது என் தொழில். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு, வேறு வேலை அமையாமல் இதற்கு வந்தவள். இப்போது வேறு வேலை கிடைத்தாலும் போவேனா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்று காலை முதல் பஸ்ஸிலேயே மானூர், முக்கூடல், களக்காடு, திசையன்விளை என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நாலாக மடித்த பழைய காகிதங்கள். வாசலில் போலீஸார் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஏன் என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பயனில்லை என்று, கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் இந்த வளாகத்தில்தான் எரிந்துபோனார்கள்.

மனுவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை (முன்னால் வந்த ஆணையோ கடிதமோ). பிறகு ‘நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்’. பிறகு சர்வே எண், தேதி, தொகை. கடைசியில் என்ன வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கை. ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும், நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். வருகிறவர்களோ பாட்டி கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, அதிலிருந்து வட்டாட்சியருக்கு வேண்டிய நாலு விஷயத்தை மட்டும் எடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல மனு எழுதுபவர். எனக்கு அது நன்றாக வரும். நான் எழுதிய மனுவால் பட்டா மாறியிருக்கிறது, முதியோர் உதவித்தொகை வந்திருக்கிறது, அடைத்த பாதை திறந்திருக்கிறது. அந்த ஒரு பக்கக் காகிதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனாலும் எடுத்தது போக மிச்சம் என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே போகிறது?

பீடி சுற்றுகிற ஒரு பெண் வந்தாள். மகள் பிரசவத்துக்காக இருபதாயிரம் வாங்கியிருக்கிறாள், மாதம் பத்து வட்டி. வாங்கியதைவிட அதிகமாகவே கட்டிவிட்டாள், முதல் அப்படியே நிற்கிறது. இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். எழுத வேண்டியது எது என்று எனக்குக் கேட்கும்போதே தெரிந்துவிட்டது. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மாறவில்லை.

“எக்கா, கட்டில எழுதலியே” என்றாள்.

எந்தக் கட்டில் என்று கேட்டேன். வட்டிக்காரன் வீட்டுக்குள் வந்து, அவள் மடியில் இருந்த பீடித் தட்டைக் காலால் தள்ளிவிட்டு, அவள் மாமனாரின் நார்க்கட்டிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். மாமனார் செத்த பிறகு அந்த வீட்டில் யாரும் உட்காராத கட்டில் அது. “துட்டு போனா போவுது. அவன் அதுல உக்காந்தாம்லா, அதத்தான் எனக்குப் பொறுக்க முடியல. எம் புருசன் பாத்துக்கிட்டு நின்னாவ. அத எழுது” என்றாள்.

கட்டிலுக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அத்துமீறி நுழைந்தான் என்று எழுதலாம், மிரட்டினான் என்று எழுதலாம். எழுதினேன். அவளுக்கு நடந்ததோ அது இரண்டுமே இல்லை. நடந்தது கட்டிலில்தான்.

இந்த வேலையில் இருந்துகொண்டு இலக்கியம் படிக்கிறவளுக்கு, பெரிய எழுத்து என்பது இந்தக் கட்டிலை விடாமல் எழுதுவது என்றுதான் தோன்றுகிறது. துன்பத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது என்று மேடையில் பேசுகிறார்கள். எல்லாம் நன்மைக்கே, பட்டால்தான் புத்தி வரும், போன பிறவிக் கணக்கு என்றெல்லாம் சொன்னால் அது அர்த்தம் ஆகிவிடுமா? என் மேசைக்கு வருகிறவர்களிடம் இதில் ஒன்றைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வராது. அவர்கள் கேட்பது வேறு. நடந்தது இன்னது, செய்தவன் இன்னார், அப்போது என் மனசு இப்படி இருந்தது. இந்த மூன்றையும் ஒருத்தர் முழுசாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட எழுத்துதான் நிற்கிறது.

தமிழில் எழுதப்பட்ட மிகப் பெரிய மனு சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையில் இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். இந்த மேசைக்கு வந்த பிறகுதான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்தது.

முதலில் வாயிற்காவலன். கண்ணகி வாசலில் நின்று கத்துகிறாள், இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே என்று. தன் அரசனை இப்படித் திட்டுகிறவளை அவன் விரட்டியிருக்கலாம். உள்ளே போய், ‘பொற்றொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள் கடையகத்தாளே’ என்று கண்டதைக் கண்டபடி சொல்கிறான். ஒரு வாசலில் வேலை பார்க்கிற ஆள் இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்! கையில் இருந்த பொருளைக்கூட விடவில்லை. வழக்கே அந்தப் பொருளில்தான் இருக்கிறது.

அப்புறம் அரசன் யாரம்மா நீ என்று கேட்கிறான். அவள் பதிலைப் பாருங்கள். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று தொடங்குகிறாள். ஆராயாத மன்னனே, சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. பெறுநருக்கு இப்படி ஒரு விளி! அடுத்தது பார்வை ஒன்று, பார்வை இரண்டு: புறாவின் துயர் தீர்த்த சோழன்; பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, தன் மகனையே தேர்க்காலில் பலிகொடுத்த சோழன். இரண்டும் முன்னால் நடந்த தீர்ப்புகள். அதிலும் இரண்டாவது வழக்கில் மனுதாரர் ஒரு மாடு. வாயில் மணியை ஆட்டி முறையிட்டது. மாட்டுக்குக் கிடைத்த நீதியைச் சொல்லிவிட்டுத்தான் இவள் தன் ஊரைச் சொல்கிறாள், புகார் என் ஊர் என்று. பிறகு கணவன் குடும்பம், அவன் வந்த காரணம், என் கால் சிலம்பை விற்க வந்தான், உன்னிடம் கொலைப்பட்டான். எல்லாம் சொல்லிய பிறகு கடைசியாகத்தான் பெயர். ‘கோவலன் மனைவி, கண்ணகி என்பதென் பெயரே.’

நாங்கள் பெயரை முதல் வரியில் எழுதிவிடுவோம். அதைப் படிக்கிறவருக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். இவள் பெயர் வந்து விழும்போது அதன் பின்னால் ஓர் ஊரும் ஒரு குடும்பமும் ஒரு பிணமும் நிற்கின்றன.

நடுவில் ‘வாழ்தல் வேண்டி’ என்று ஒரு சொற்றொடர் வருகிறது. பிழைக்க வந்தோம், வாழ வேண்டும் என்று வந்தோம். நான் எழுதியிருந்தால் அதை வெட்டியிருப்பேன், வழக்குக்கு அது தேவையில்லை. இளங்கோ வெட்டவில்லை. அவளுக்கு அதுதான் கட்டில்.

அரசன் முதலில் சட்டம் பேசுகிறான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான். எந்த அலுவலகமும் முதலில் சொல்கிற பதில்தான் இது: விதிப்படி செய்தோம். அவள் ‘நற்றிறம் படராக் கொற்கை வேந்தே’ என்று நம் பக்கத்து ஊரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்களுடையது முத்து என்கிறான் அவன். முத்துக் குளித்த கொற்கைக்கு அரசன், முத்துதான் இருக்கும். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் அவன் முகத்தில் தெறிக்கிறது. பிறகு அந்த வரி. ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.’

இத்தனை நாள் இந்த மேசையில் எத்தனையோ பதில் கடிதங்களைப் படித்துச் சொல்லியிருக்கிறேன். மனு ஏற்கப்பட்டது என்று வரும், நிராகரிக்கப்பட்டது என்று வரும், உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று வரும். தப்பு எங்களுடையது என்று ஒரு வரி வந்து நான் படித்ததில்லை. பட்டா கிடைத்த பிறகும் சிலர் முகம் ஏன் தெளிவதில்லை என்று யோசித்திருக்கிறேன். இந்த வரி வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அநியாயம் செய்த வாயே அதைச் சொல்ல வேண்டும் என்று மனிதர்கள் காலம் காலமாக ஏங்குகிறார்கள். நடப்பில் கிடைக்காத அந்த வரியை ஒரு புலவன் அரசன் வாயிலிருந்து வாங்கிக்கொடுத்தான். பெரிய இலக்கியம் துன்பத்துக்குக் கொடுக்கிற அர்த்தம் என்று ஒன்று உண்டென்றால், எனக்குத் தெரிந்து இதுதான் அதன் உச்சம்.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி இதை ஒத்துக்கொள்ளமாட்டார். “கத படிச்சி எவனுக்குப் பட்டா கெடச்சிருக்கு, சொல்லு பாப்பம்” என்பார். யாருக்கும் கிடைத்ததில்லை. நான் அவருக்கு மறுப்பு சொல்வதில்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. வயிற்றுப்பாட்டு விஷயத்தில் மனுவைக் கதையால் ஈடுகட்ட முடியாது. அதே மாதிரி மனுவில் கிடைக்காதது ஒன்று கதையில் இருக்கிறது என்பதையும் அவர் ஒருநாள் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

எங்கள் கடையிலிருந்து நடந்தால் தாமிரபரணி வந்துவிடும், சுலோசன முதலியார் பாலம் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடுவிக்கச் சொல்லியும் ஊர்வலமாக வந்தவர்கள் இந்த ஆட்சியர் அலுவலகத்தில் மனுதான் கொடுக்க வந்தார்கள். போலீஸ் தடியடி, ஓட்டம், ஆறு. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு குழந்தை. ஆண்டுதோறும் அந்தத் தேதியில் ஆற்றில் மலர் தூவ ஆட்கள் வருவார்கள். அன்று எனக்கு மேசையில் வேலை ஓடாது. மனு என்ற காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்ததற்காகச் செத்தவர்கள் அவர்கள். நான் பிழைப்பு நடத்துவதும் அந்தக் காகிதத்தில்தான்.

தேயிலைக்கும் எங்கள் சீமைக்கும் உள்ள கணக்கு மிகப் பழையது. மழை பொய்த்த கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் பிடித்து இலங்கைக்கும் ஆனைமலைக்கும் கொண்டுபோனார்கள். புதுமைப்பித்தன் 1935இல் ‘துன்பக்கேணி’யை எழுதினார். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தோட்டத்துக்குப் போய் உடம்பாலும் மனசாலும் சீரழிகிற கதை. அதில் யாரும் வந்து அவளைக் காப்பாற்றுவதில்லை. ‘யானே கள்வன்’ என்று சொல்ல அங்கே ஓர் அரசனும் இல்லை, இருப்பவன் தோட்டத்து அதிகாரி. நான் சின்ன வயதில் படித்தபோது ஏன் இப்படி இரக்கமே இல்லாமல் எழுதியிருக்கிறார் என்று கோபம் வந்தது. இப்போது படித்தால் அந்தக் கதையில் இருக்கிற இரக்கம் வேறு மாதிரியானது என்று தெரிகிறது. மருதிக்கு ஆறுதல் சொல்லி நம்மைத் தூங்கவைக்க அவர் விரும்பவில்லை. அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே போகிறார்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ‘ரெட் டீ’. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலைக்குப் போகிறவர்கள். அதைப் படிக்கும்போது கதையைவிட அந்த மருத்துவரைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். மருத்துவச் சீட்டில் காய்ச்சல் என்று எழுதலாம், ரத்தசோகை என்று எழுதலாம். அதுவும் ஒரு வகையில் மனுத் தாள்தான், அளவான இடம், அளவான சொல். அதில் ஏறாததை எல்லாம் வேறு எங்கோ எழுதியே ஆக வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

இதைப் படிப்பாளிகள் மட்டும்தான் செய்தார்கள் என்று நான் சொன்னால் எங்கள் ஊர்க் கொடை விழாக்களுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். திருநெல்வேலிச் சீமையில் பாதித் தெய்வங்கள் கொலைப்பட்டவர்கள். அநியாயமாகச் செத்தால் சாமி ஆகிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வில்லுப்பாட்டுக்காரர் அவர்களுடைய கதையை முதலிலிருந்து பாடுவார். மனுவைப் பெற்றுக்கொள்ள அதிகாரி யாரும் இல்லாத காலத்தில் அந்த முறையீட்டை ஊர் மொத்தமும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டது.

காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமணனாகப் பிறந்த அவன், சக்கிலியர் வீட்டுப் பொம்மக்கா திம்மக்காவை மணக்கப் பூணூலை அறுத்து, குடுமியை நீக்கி, செருப்புத் தைத்து, கடைசியில் மாமனாரின் மாட்டு மந்தையைக் காக்கப்போய் வெட்டுப்பட்டுச் சாகிறான். நாங்குநேரிக்காரரான நாட்டுப்புற ஆய்வாளர் நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதைப் பாடலைப் பதிப்பித்து, அதில் பிற்காலத்தில் நடந்த ஒரு திருத்தத்தையும் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று பின்னால் சேர்த்துவிட்டார்கள்.

எனக்கு இந்தத் திருத்தத்தை நினைத்தால் ஆத்திரம் வரும். பட்டன் விட்டுக்கொடுத்தது எல்லாம் இந்த ஒரு வரியால் ஒன்றுமில்லாமல் போகிறது. கேட்கிறவர்களுக்கு உறுத்தக் கூடாது என்று யாரோ கட்டிலை எடுத்துவிட்டார்கள். துன்பத்துக்கு அர்த்தம் தருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் செய்வது இந்த வேலைதான், முள்ளைப் பிடுங்கிவிட்டுச் செடியைக் கும்பிடுவது. ஆனால் சனங்கள் செருப்பை விடவில்லை. கதையை யார் எப்படித் திருத்தினாலும் காணிக்கையாக இன்னும் செருப்புதான் வருகிறது. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிலப்பதிகாரத்திலும் ஒரு முள் உண்டு. பலர் அதைப் பேசமாட்டார்கள். பாண்டியன் செத்த பிறகு, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் கோபம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைக் கொல்கிறான். ‘ஒருபகல் எல்லை உயிர்ப்பலி ஊட்டி’ என்று நீர்ப்படைக் காதையில் வருகிறது. ஒருவன் பொய் சொன்னதற்கு ஆயிரம் பேர், ஒரே பகலில்.

முதியோர் உதவித்தொகைக்கு எழுத ஒரு ஆசாரி வந்தார். நகைப்பட்டறை வைத்திருந்தவர். பெரிய கடைகள் வந்த பிறகு பட்டறை போய்விட்டது, கண்ணும் மங்கிவிட்டது. மேசையில் கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, “இதுலதான எங்க ஆளுவள வெட்டுன கத இருக்கு?” என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன். அந்த இடத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அந்தப் பொய் சொன்னவன் பேரு என்ன?”

பெயர் இல்லை, பொற்கொல்லன் என்று மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

“செத்த ஆயிரத்துல ஒருத்தன் பேரு?”

அதுவும் இல்லை.

“அப்ப அவனுக்கும் பேரு இல்ல, இவனுவளுக்கும் பேரு இல்ல. எல்லாம் ஒண்ணுதான்னு வெட்டிட்டான்” என்றார். “அந்த அம்மா கேட்டாளா இத?”

கண்ணகி கேட்டதாக அந்த இடத்தில் எதுவும் இல்லை. அவள் மதுரையை எரித்தபோதுகூடப் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகளை விட்டுவிடச் சொன்னவள். அதைச் சொன்னேன். “அப்ப பொறவு எதுக்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. இளங்கோவும் பதில் தரவில்லை. ஆனால் அந்த வரியை எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார். வேண்டுமென்றே வைத்தாரா, அந்தக் காலத்து வழக்கம் என்று இயல்பாகச் சொல்லிப் போனாரா, அறிஞர்கள் பேசட்டும். அந்த வரி இருப்பதால்தான் ஒரு ஆசாரி இந்த மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அரசனைக் கேள்வி கேட்டார். பத்தினிக்கு நீதி கேட்ட காவியத்திடமே நீதி கேட்டார். கண்ணகி சபையில் கேட்டதற்கு அது எந்த விதத்திலும் குறைந்ததாக எனக்குப் படவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மனுவுக்கு ரசீது வாங்க வந்தவர், முதலில் என்னிடம் வந்து அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார். பேரன் காலேஜில் தமிழ் படிக்கிறானாம். “அவன் வாத்தியார்ட்ட கேக்கணும்ங்கான். நானும் கூடப் போலாம்னு இருக்கேன்” என்றார்.